கண்ணாடி தேவைப்படாத குதிரை

ஊரில் பாதிப் பேருக்கு உலகத்தைத் துடைத்துக் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். மீதிப் பாதிக்குப் பார்வை நன்றாக இருந்தது. அவர்களையும் நிரந்தரமாக விட்டுவைக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. "நாப்பது தாண்டட்டும், தானா வருவாங்க" என்பார்.

கடைத்தெரு வளைகிற இடத்தில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, நெரிசல் பேருந்தில் மாட்டிக்கொண்ட ஒல்லி மனிதனைப்போல ஒடுங்கி நின்றது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. யார் உள்ளே வந்தாலும் 'வாங்க' என்பதற்கு முன்னால் "பவர் எவ்வளவு?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பெரியவர்களுக்குப் பவர், சின்னவர்களுக்குப் பவர் அண்ணன். வீட்டில் மட்டும் அந்தப் பெயர் புழங்கவில்லை. அவருடைய மனைவி காரணமில்லாமல் பொய் சொல்கிறவள் அல்ல.

தொழிலில் அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. கண் என்பது ஜன்னல். ஜன்னல் சுத்தமாக இருந்தால் வெளியே இருப்பது உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியும். அழுக்காக இருந்தால் தெரியாது. இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி வைத்திருந்த கண் டாக்டரம்மாவிடம் அவருக்கு மரியாதை உண்டு. அந்த அம்மாவின் சீட்டோடு வருகிறவர்களால்தான் கடை ஓடியது. ஆனாலும், "டாக்டர் நோயைப் பார்ப்பாங்க, நான் கண்ணைப் பார்ப்பேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் கண்டிருந்தார். ஆயுளில் ஒரு தடவைகூட அந்த அம்மாவிடம் தன் கண்ணைக் காட்டியதில்லை. சமையல்காரர் ஓட்டலில் சாப்பிடுவதில்லை என்பது போல ஒரு வைராக்கியம்.

தேவையும் இருக்கவில்லை. காலையில் கடையைத் திறந்து, கண்ணாடி அலமாரிகளைத் துடைத்துவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் தானே போய் உட்காருவார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. மேலே யானைக் குட்டி அளவில் ஒரே ஒரு 'ட'. கீழே போகப் போக எழுத்துகள் இளைத்து, கடைசி வரி எறும்புக் கூட்டமாக இருக்கும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு 'ட'வில் தொடங்கி எறும்புவரை படிப்பார். மறு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி படிப்பார். ஒரு எழுத்து தப்பாது. மற்றவர்கள் பல் துலக்குவதைப் போல இது. அறுபதைத் தாண்டியும் தனக்குக் கடைசி வரி தெரிகிறது என்பதை, தெரியாமல் திணறுகிற வாடிக்கையாளர்களிடம் ஆறுதலாகச் சொல்வார். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று அவர் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒருநாள் முற்பகலில், கல்லாவுக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரில் நீலக் கட்டங்கள் தெரிந்தன.

சிமெண்டுச் சுவர். போன வருஷம்தான் வெள்ளையடித்தது. அதில், குளியலறை ஓடுகளைப்போல, கச்சிதமான நீலக் கட்டங்கள், கட்டத்துக்குள் கட்டம். கண்ணைக் கசக்கினார். கட்டங்கள் அசையவில்லை. தொட்டுப் பார்த்தார். சுவர் சுவராகத்தான் இருந்தது. தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வெள்ளையாக இருந்தது. பித்தம் என்று முடிவு செய்தார். நம்மவர்களுக்கு விளங்காத எதையும் தாங்குகிற தோள் பித்தத்துக்குத்தான் உண்டு.

பித்தம் அடுத்த வாரம் கோட்டு போட்டுக்கொண்டு வந்தது. சாண் உயரமுள்ள கனவான்கள், பச்சைக் கோட்டு, ஆளுக்கொரு மடித்த குடை, கண்ணாடிப் பேழையின் விளிம்பில் வரிசையாக நடந்து போனார்கள். முட்டிக்கொள்ளவில்லை, முந்திக்கொள்ளவில்லை. அந்தக் கடைத்தெருவில் அவ்வளவு ஒழுங்கான வரிசையை அவர் பார்த்ததே இல்லை. ஒருவர்கூட அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையைக் கடக்கிறவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. விளிம்பு முடிந்த இடத்தில் அவர்களும் முடிந்துபோனார்கள்.

பிறகு வீட்டிலேயே குதிரை.

இரண்டாவது பீரோ வைக்க இடமில்லை என்று மனைவி அலுத்துக்கொள்கிற வீடு அது. அந்த வீட்டின் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறக் குதிரை ஒன்று நின்றது. பாதி உடம்பு சுவருக்குள் போயிருந்தது, இடப் பற்றாக்குறையைப் புரிந்துகொண்ட குதிரைபோல. மனைவி அதன் கழுத்து வழியாகக் கையை விட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தாள்.

பவர் தொழில் தெரிந்தவர். பயத்திலும் தொழில் அவரைக் கைவிடவில்லை. மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி கரைந்தாள். ஃப்ரிட்ஜ் கரைந்தது. குழாய், பாத்திரம், ஜன்னல் எல்லாம் தண்ணீரில் விழுந்த சாயம்போலக் கலங்கின. குதிரை மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு இமை முடியும் எண்ணிப் பார்க்கலாம் என்கிற தெளிவு. கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். மனைவி கிட்டத்தட்ட திரும்பி வந்தாள். குதிரைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

குதிரைக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அப்படியானால் அது வெளியே நிற்கவில்லை. வெளியே நிற்காத ஒன்று தெரிகிறது என்றால், அது நிற்கிற இடம் ஒன்றுதான் பாக்கி. அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க, தலைவலியா?"

"இல்ல. சும்மா."

மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கடையைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி ஆசை ஒன்று இருந்தது: கண்ணில் ஏதாவது கோளாறாக இருந்துவிடக் கூடாதா என்று. ஆயுள் முழுக்கத் தன் கண்ணைப் பற்றிப் பெருமை பேசிய மனிதர், அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இடது கண்ணைப் பொத்தினார். 'ட'விலிருந்து எறும்புவரை ஒரு எழுத்து பிசகவில்லை. வலது கண்ணைப் பொத்தினார். அதுவும் அப்படியே. இரண்டு கண்ணும் தேர்வில் முதல் வகுப்பில் தேறி அவரைக் கவிழ்த்துவிட்டன. ஜன்னல் சுத்தம் என்றால், கோளாறு உள்ளே இருக்கிறவனுக்கு.

அந்த முடிவு அவரை ஏன் அவ்வளவு பயமுறுத்தியது என்றால், அதற்கு அவருடைய மூத்த அண்ணன் காரணம். அண்ணன் கடைசிக் காலத்தில் இல்லாதவர்களோடு பேச ஆரம்பித்தார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பழகிக்கொண்டதுதான் கொடுமை. பக்கத்து அறையில் அண்ணன் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் காதில் விழவே, "அண்ணன் எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாரு" என்று பேசினார்கள். கையெழுத்து வேண்டாம், சாவி வேண்டாம், அபிப்பிராயம் வேண்டாம். சாப்பாடு மட்டும் நேரத்துக்குப் போனது. அண்ணன் இறந்தபோது வீட்டில் யாருக்கும் புதிதாக எதுவும் நடந்ததாகத் தோன்றவில்லை. 'இருந்தாரு' என்று தன்னையும் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் பவருடைய பயம். செத்துப்போவதில்கூட அவருக்கு அவ்வளவு ஆட்சேபம் இல்லை. அதற்கு முன்பே முடிந்துபோவதில்தான்.

ஆகையால் ஒருவரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நம்புகிற ஒருவர், அது வெளியே தெரியாமலிருக்க எவ்வளவு புத்திசாலித்தனமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது ஆச்சரியம்தான். இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டார். தெளிவாகத் தெரிந்தால் பொய், மங்கலாகத் தெரிந்தால் மெய். இது முதல் விதி. வந்த உருவங்கள் எதுவும் வாய் திறப்பதில்லை என்பதால் இரண்டாவது: பேசினால் ஆள், பேசாவிட்டால் பொறு. இதன்படி, கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர்களாகப் பேசுகிறவரை இவர் பேசுவதில்லை. வாய் ஓயாத பவர் அண்ணனுக்குத் திடீரென்று ஒரு கம்பீரம் வந்துவிட்டதாகத் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். தையற்காரர் தானும் அப்படி இருந்து பார்த்தார். அவருக்கு வாடிக்கை குறைந்ததுதான் மிச்சம்.

கண்ணாடிச் சட்டத்தின் ஊசிமுனைத் திருகாணிகள் கொஞ்ச நாளாகவே அவர் கைக்கு அகப்படாமல் நழுவின. நடுக்கம் என்று எண்ணினார். அதுவும் மண்டைக் கோளாறின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. கடையில் கூட இருந்த மகளிடம், "இனிமே மாட்டற வேலையெல்லாம் நீயே பாரும்மா. பொறுப்பு வரட்டும்" என்று தூக்கிக் கொடுத்தார். மகள் பல வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத வேலை அது. அப்பாவுக்கு வயதானால் மனசு இளகும் என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு மனிதன் உள்ளே இடிந்துகொண்டிருப்பது வெளியே பெருந்தன்மையாகத் தெரிகிற அதிசயம் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

நாளாக ஆக அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். ஆரம்பத்தில் உருவம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சோதிப்பார். பிறகு கையிலிருப்பதை அதன்மேல் வீசுவார். பொருள் ஊடே போய்த் தரையில் விழும். கடைசியில் சோதனையே வேண்டியிருக்கவில்லை. ஆடம்பர உடை, வாயில் மௌனம் என்றால் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவார். அனுபவசாலிகள் தவறு செய்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மச்சான் வந்தது அப்போது.

மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி. பார்க்காத வேலை இல்லை, நிலைத்த வேலையும் இல்லை. லிஃப்ட் இயக்கினார், பூக்கடை வைத்தார், யாரோ ஒருவருடைய நாயை நடக்கக் கூட்டிப்போகிற உத்தியோகமும் பார்த்தார். அந்த நாய்தான் இவரை நிறுத்திவிட்டது என்பது பவரின் கட்சி. மச்சானுக்குக் கடைசியாக ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் கதவு திறந்துவிடுகிற வேலை கிடைத்தது. சிவப்புக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், வெள்ளைக் கையுறை, இறகு செருகிய உயரத் தொப்பி. ஆடாமல் அசையாமல், வாய் திறக்காமல், இளம் புன்னகையோடு நிற்க அவர்களே பழக்கிவிட்டிருந்தார்கள். அந்தக் கோலத்தை அக்காவுக்கும் மாமாவுக்கும் காட்ட, முதல் வாரம் முடிந்ததும் உடுப்போடு வந்துவிட்டார். அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. மாமா சாப்பிட வருகிற நேரம். மச்சான் கூடத்தில் கதவோரமாக, ஹோட்டலில் நிற்பதைப் போலவே நிமிர்ந்து நின்றார். மாமா பார்த்து அசந்துபோக வேண்டும்.

பவர் உள்ளே வந்தார். பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வந்தாச்சா? இன்னிக்கு நீங்க மட்டும்தானா, குதிரை வரலையா?"

மச்சானுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மாமா உடுப்பைக் கிண்டல் செய்கிறார். புன்னகையை அகலப்படுத்தாமல் நின்றார்.

"துணியெல்லாம் பிரமாதம். பொத்தானைப் பாரு, என்ன பளபளப்பு. போன வாரம் வந்தவங்களுக்கு இப்படி இல்ல." பவர் செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார். வீட்டில் வேறு யாரும் இல்லை என்ற தைரியத்தில் பல நாள் ஆதங்கத்தைக் கொட்டினார். "எல்லாம் சரி. மூஞ்சி மட்டும் ஏன்யா எங்க மச்சான் மூஞ்சியைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கீங்க? இவ்வளவு பெரிய தலை எனக்கு, உள்ள வேற நல்ல மூஞ்சியே கிடைக்கலையா? தொப்பையைக்கூட விடாம கொண்டுவந்திருக்கீங்களே, அந்தச் சோம்பேறியோட தொப்பைய!"

சொல்லிவிட்டு, வழக்கம்போல, சட்டையைச் சுருட்டி அந்த உருவத்தின்மேல் வீசினார்.

சட்டை கீழே விழவில்லை.

தொப்பியின் இறகில் மாட்டிக்கொண்டு, முகத்தை மறைத்துத் தொங்கியது. பவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா" என்றது சட்டை. "தொப்பையப் பத்திப் பேச வேண்டாம் மாமா. எங்க ஹோட்டல்ல இதுதான் களைன்னு சொல்லித்தான் எடுத்தாங்க."

மாடியிலிருந்து காலி வாளியோடு இறங்கிவந்த மனைவி கண்டது இது: தரையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கும் கணவர், தலையில் அவர் சட்டையோடு ஒரு படைத்தளபதி.

"அடக் கடவுளே, யாருடா நீ?"

"நான்தான்க்கா!" மச்சான் சட்டையை இழுத்தார். இறகு கோணிக்கொண்டது. "மாமா என்னைச் சோம்பேறிங்கறாரு. அது புதுசு இல்ல, விடு. ஆனா நேரா மூஞ்சியப் பார்த்து, நீ நல்ல மூஞ்சியா எடுத்துட்டு வரலைங்கறாரு. மூஞ்சியை எங்கேர்ந்துக்கா எடுத்துட்டு வர்றது? அதோட குதிரை வரலையான்னு வேற கேக்கறாரு. நான் வேலை பாக்கறது ஹோட்டல்லக்கா, லாயத்துல இல்ல."

மனைவி வாளியைக் கீழே வைத்தாள். கணவரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் கிண்டலின் தடயம் இல்லை.

"என்னங்க. என்ன குதிரை?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. சொன்னார். கட்டங்கள், கனவான்கள், குதிரை எல்லாவற்றையும் சொன்னார். அண்ணனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. அண்ணனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்தவள் அவள்தான்.

மனைவி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அது எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல."

"இப்ப நிக்குதா?"

"இப்ப இல்ல."

இல்லை என்று தெரிந்தும், சமையலறை வாசலிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள்.

மகளுக்குச் சேதி போனதும் கடையை அடைத்துவிட்டு ஓடிவந்தாள். அழவில்லை. கடை நடத்துகிறவர்களுக்கு அழுவதற்கு முன்னால் செய்ய ஏதாவது இருக்கும். "வாங்கப்பா, டாக்டரம்மாகிட்ட போலாம்" என்றாள்.

"கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. இன்னிக்குக் காலையிலகூடக் கடைசி வரி படிச்சேன். கோளாறு மேல." நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்றார் மச்சான், நிலைமைக்குப் பொருத்தமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"தீர விசாரிக்கறதுதான் மெய்னு மிச்சமும் இருக்கு மாமா. அதுக்குத்தான் கிளம்பச் சொல்றேன்" என்றாள் மகள்.

நாலு பேரும் போனார்கள். உடுப்பை மாற்ற நேரமில்லாத மச்சான், ஆஸ்பத்திரி வாசலில் பழக்கதோஷத்தால் கதவைத் திறந்து பிடித்தார். பின்னால் வந்தவர்களுக்கும் பிடித்தார். நோயாளிகள் ஒவ்வொருவராக அவருக்குத் தலையசைத்து உள்ளே போனார்கள். ஆஸ்பத்திரி முன்னேறிவிட்டது என்று எண்ணியிருப்பார்கள்.

டாக்டரம்மா இவரைவிட வயதில் சின்னவர், பேச்சில் பெரியவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, மறதி உண்டா, புது மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்று தெரிந்ததும், பவரை இருட்டறை நாற்காலியில் உட்கார வைத்தார். பலகையின் விளக்கு எரிந்தது.

"எதிர்ல தெரியறதைப் படிங்கய்யா. வலது கண்ணைப் பொத்திக்குங்க."

இந்தப் பரீட்சையில் அவருக்குப் பயம் இல்லை. மேலே 'ட' தெரிந்தது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று மளமளவென்று இறங்கி, எறும்புவரைக்கும் ஒரே மூச்சில் படித்து முடித்தார். மனைவி பக்கத்தில் பெருமூச்சு விட்டாள். கண் நன்றாக இருக்கிறது என்ற சேதி அவர்கள் இருவர் நெஞ்சிலும் கல்லாக இறங்கியது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரொம்ப அழகாப் படிச்சீங்க. ஆனா ஐயா, அந்தப் பலகைல எழுத்தே கிடையாது. நான் போட்டிருக்கறது எண்கள்."

"என்னம்மா சொல்றீங்க?"

"மேல இருக்கறது ஏழு. நீங்க 'ட'ன்னு படிச்சீங்க. கண்ணாடிக் கடைக்காரங்க வந்தா நான் எழுத்துப் பலகையைப் போடவே மாட்டேன். எல்லாருக்கும் மனப்பாடம்."

"மனப்பாடமா ஒப்பிக்கலைம்மா" என்றார் பவர். "சத்தியமாப் பார்த்தேன். 'ட'வைப் பார்த்தேன்."

"பார்த்தீங்க. இல்லேன்னு நான் சொல்லலையே. அதைத்தான் சொல்ல வரேன்."

மகள் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து தங்கள் கடையின் எழுத்துப் பலகை மாறவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மருந்து விட்டு, விளக்கடித்து, தாடையைச் சட்டத்தில் பதிய வைத்து, நெடுநேரம் பார்த்தார் டாக்டரம்மா. பிறகு விளக்குகளைப் போட்டுவிட்டு நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு கண்ணுலயும் பின்னால இருக்கற திரையில நடுப்பகுதி தேஞ்சு போயிருக்கு. இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ஓரத்துல பார்வை இருக்கு, நடுவுல ஓட்டை. திருகாணி கைக்கு வரலேன்னீங்களே, அது நடுக்கம் இல்ல, நீங்க அதைப் பாக்கவே இல்ல."

"ஓட்டைன்னா ஓட்டையாத் தெரிய வேண்டாமா?"

"தெரியாது. நீங்க கண்ணை ஜன்னல்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. கண்ணு பாக்கறதில்லய்யா. கண்ணு சேதி அனுப்பும், பாக்கறது மூளை. பாதி சேதிதான் வருதுன்னா, மிச்சத்தைத் தெரிஞ்சதை வெச்சு அதுவே எழுதிக்கும். உங்களுக்கு 'ட' வந்தது அப்படித்தான். சேதியே வராத எடத்துல அது சும்மா கையைக் கட்டிக்கிட்டு இருக்காது, தானா படம் வரையும். கட்டம் வரையும், ஆளை வரையும்."

"குதிரை?"

"குதிரையும்தான். கண்ணு மோசமானவங்க எத்தனையோ பேருக்கு இது வருது. பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு வாயத் திறக்க மாட்டாங்க. நானாத் துருவிக் கேட்டாத்தான் சொல்வாங்க. அதுங்க உங்ககிட்ட பேசுதுங்களா?"

"மதிக்கறதே இல்லம்மா."

"அதுங்க நிஜம் இல்லேன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"மொத நாள்லேர்ந்து தெரியும். கண்ணாடியக் கழட்டிப் பார்த்தேன். வீடே மங்கிப்போச்சு, அது மட்டும் மங்கலை."

டாக்டரம்மா சீட்டில் குறித்துக்கொண்டார். "அது சரியான சோதனைதான். அந்த அளவுக்கு யோசிச்சவரு, உங்க கடைப் பலகைல ஒரு எழுத்தை மாத்தி வெச்சுப் பார்த்திருந்தீங்கன்னா இவ்வளவு நாள் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம்."

கடையின் நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சின் நடுவே சட்டென்று மூலையைப் பார்த்துவிட்டு மௌனமாகிப்போன சில வயதானவர்களின் முகங்கள் பவருக்கு ஞாபகம் வந்தன. "அங்க என்ன பார்வை, பலகையைப் பாருங்க" என்று அவர்களை அதட்டியிருக்கிறார்.

ஆனால் அதையெல்லாம் பிறகு யோசித்துக்கொள்ளலாம். முக்கியமான கேள்வி பாக்கி இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப... எனக்குப் புத்தி?"

"புத்தி நல்லாருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமா. கண்ணுதான் போய்க்கிட்டிருக்கு. ஒரு கண்ணுக்கு ஊசி போட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம். போனது திரும்பாது."

"ரொம்ப நன்றிம்மா!" என்றார் பவர். டாக்டரம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் ஓடியது, வாய் சிரித்தது. "ரொம்ப ரொம்ப நன்றி! கண்ணுதானே? வெறும் கண்ணுதானே? போகட்டும்மா!"

பல வருஷமாகக் கண் போகிற சேதியைச் சொல்லி வருகிறவர் அந்த அம்மா. அழுதவர்களைப் பார்த்திருக்கிறார், சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். கல்யாணச் சேதி கேட்டதுபோலக் கும்பிட்டவரை அன்றுதான் பார்த்தார்.

திரும்பும் வழியில் மனைவி அழுதாள், கணவர் அவளைத் தேற்றினார். அதுவும் தலைகீழ்தான்.

"அழாதடி. ஓரத்துல நல்லாத் தெரியுது. உன்னைக் கொஞ்சம் கோணலாப் பார்த்தாப் போதும்."

"இவ்வளவு நாளா நேராவா பார்த்தீங்க?" என்று மூக்கைச் சிந்தினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்கிட்டகூடவா?"

அவர் மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டார். படிக்கட்டு இறங்கும்போதுகூட அந்தத் தோளைத் தவிர்த்து வந்தவர், இப்போது தெரு முழுக்க அதை விடவில்லை. சாலையைக் கடக்கையில், "அந்த வண்டி நெசமா?" என்று உரக்கக் கேட்டார். நெசம் என்றதும் நின்றார். "அந்தச் சுவர் மேல பூ?" என்றார். பூ இல்லை என்றாள். "அப்படியா, நல்லாருக்கு" என்று ரசித்துக்கொண்டே நடந்தார். இவ்வளவு நாள் ஒளித்துவைத்ததையெல்லாம் வாய்விட்டுக் கேட்க முடிகிற சுகத்தில் ஊரையே ஒவ்வொன்றாக விசாரித்தார். மகளுக்கு வாய் வலித்தது, கடிந்துகொள்ள மனசு வரவில்லை.

"மாமா, என்னைப் பத்திச் சொன்னதெல்லாம்கூட மூளை தானா வரைஞ்சதுதானே?" என்றார் மச்சான், பின்னாலிருந்து.

"இல்ல மாப்ளே. அது நானே யோசிச்சுச் சொன்னது. இப்பத்தான் டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே, புத்தி நல்லாருக்குன்னு."

வீட்டுக்கு வந்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சூடுபண்ணிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கட்டிலில் சாய்ந்தார். கூடத்தில் மனைவி போனை எடுத்துவிட்டாள். மூத்த நாத்தனாரில் தொடங்கி, உறவுமுறை வரிசை கெடாமல், ஒவ்வொரு வீடாகச் சேதி சொன்னாள்.

"அண்ணி, நல்ல சேதிதான். இவருக்கு மூளையில ஒண்ணும் இல்லையாம். ...ஆமா, டாக்டரே சொல்லிட்டாங்க. புத்தியெல்லாம் நல்லாருக்காம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். இத்தனை காலம் அவருடைய புத்தியைப் பற்றிச் சந்தேகமே படாதிருந்த அண்ணி, முதல் தடவையாகச் சந்தேகப்பட ஆரம்பிக்கிற மௌனம் அது.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணி. குதிரை வந்தது, அதனாலதான் போனோம்... குதிரை... இல்ல, வாங்கலை. தானா வந்தது..."

பவருக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. எழுந்துபோய்ப் போனை வாங்கித் தானே விளக்க வேண்டும் என்று நினைத்தார். ஊர் பூராவும் தன்னைப் பற்றி என்ன பேசப்போகிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தலையணை சுகமாக இருந்தது. அடுத்த வீட்டுக்கு எண் சுழலுவதற்குள், பட்டப்பகலில், பல நாளாக வராத தூக்கம் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.